டச் போனைக் குறைக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாளையங்கோட்டையில் செல்போன், ரேடியோ, கடிகாரம் என்று எது வந்தாலும் பழுது பார்க்கிற கடை என்னுடையது. டச் போனை விட்டுவிட்டுப் பட்டன் போனுக்குப் போக வேண்டும் என்று சொல்லி வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். வாங்கிப் போவார்கள். கொஞ்ச நாளில், "சரிப்பட்டு வரல அண்ணாச்சி, பழைய போனுக்கே போயிட்டேன் பாத்துக்கிடுங்க" என்று வந்து நிற்பார்கள். தனக்கு மனஉறுதி போதவில்லை என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். நான் பார்த்தவரை அது கடைசிக் காரணம். போன் செய்துகொண்டிருந்த வேலைகளில் ஏதோ ஒன்றுக்கு மாற்று வைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஒரு வேலைக்காகப் போனை எடுக்கும்போது மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும்.

அந்த விட்டுப்போன வேலை எது என்று கண்டுபிடிக்கத்தான் இது. உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது பின்னால்.

## எதையும் வாங்கும் முன்

ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். இரண்டு மூன்று நாள், போனை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரே சொல்லில் குறியுங்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று எழுத வேண்டாம், அந்தக் கணக்கைப் போனே வைத்திருக்கும். எடுத்த காரணம்தான் வேண்டும். மணி, லைட், கணக்கு, பணம், பாட்டு, பஸ், பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று வரும். எந்தச் சொல் அதிகமோ அந்த வேலையை முதலில் போனிலிருந்து வெளியே எடுங்கள். அது பழகிய பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள்தான் சீக்கிரம் திரும்பி வருகிறார்கள்.

பாதி வேலைகளுக்குப் பெரிய யோசனையே வேண்டாம். லைட்டுக்கு ஒரு டார்ச், கணக்குக்கு ஒரு கால்குலேட்டர், ராகு காலம் பார்க்கச் சுவரில் தினசரி காலண்டர். அணை நீர்மட்டம் பார்க்கவென்றே காலையில் போனைத் திறக்கிற விவசாயிகள் நம் பக்கம் உண்டு. பாபநாசம் 143 அடியில் இன்றைக்கு எவ்வளவு, மணிமுத்தாறு 118 அடியில் எவ்வளவு என்பது பேப்பரிலேயே வருகிறது. டீக்கடையில் ஒரு பார்வை பார்த்துவிட்டால் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா என்று பேச அது போதும்.

## அறிகுறி: மணி பார்க்கத்தான் எடுத்தேன், அரை மணி நேரம் போய்விட்டது

தாளில் 'மணி' என்ற சொல்தான் பெரும்பாலும் முதலில் நிற்கும். கையில் ஒரு வாட்ச், படுக்கை அருகே ஒரு டைம்பீஸ். இரண்டும் இருந்தால் போனை மாடத்தில் வைத்துவிட்டுத் தூங்கலாம்.

### வீட்டில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை

பல வீடுகளில் நிலைமை இதுதான். போன் வந்தபின் சுவர்க் கடிகாரம் நின்றதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதலில் செல்லை மாற்றுங்கள். சாதாரண பென்சில் செல்லே போதும். ரீசார்ஜ் செய்கிற செல் 1.2 வோல்ட்தான் தரும், சில கடிகாரங்கள் அதில் சோம்பி ஓடும். புதுச் செல் போட்டும் ஓடவில்லையென்றால் செல் உட்காரும் தகடுகளைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உள்ளே இருக்கும் மெஷின் போய்விட்டது. அந்தக் கறுப்புப் பெட்டியைப் பிரித்துப் பழுது பார்ப்பதில் லாபமில்லை, முழுசாக மாற்றிவிடுவார்கள், செலவும் குறைவு.

### டைம்பீஸ் அடிப்பது காதில் விழவில்லை

அடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் வையுங்கள். சத்தம் நன்றாக ஏறும். கைக்கு எட்டாத தூரத்தில் வைப்பதும் நல்லது. டிஜிட்டல் கைக்கடிகாரத்தின் அலாரத்தை நம்பித் தூங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கேசியோ எஃப்-91டபிள்யூ போன்றவற்றில் அலாரம் 20 நொடிதான், அதுவும் மெல்லிய பீப். லேசாகத் தூங்குகிறவர்களுக்குத்தான் சரி. மற்றபடி அந்த வாட்ச் 1989-லிருந்து வருகிறது, ஒரு பட்டன் செல்லில் ஏழு வருஷம் ஓடும், மணி பார்க்கிற வேலையைப் போனிடமிருந்து பிடுங்க அதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. வாங்கும்போது வலது பக்க பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள். திரையில் கேசியோ என்ற பெயர் வரவில்லையென்றால் போலி.

### டிக் டிக் சத்தத்தில் தூக்கம் வரவில்லை

கடிகாரத்தை மடித்த துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் நொடி முள் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிற மாதிரி மெஷின் உள்ளதை வாங்குங்கள், அதில் சத்தமே இருக்காது.

எப்போது ஆளிடம் கொடுப்பது: சாவி கொடுக்கிற பழைய டைம்பீஸில் சாவி இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. அதை வீட்டில் திறக்க வேண்டாம், ஸ்பிரிங் தெறித்தால் கையைக் கிழிக்கும். பழைய சாவி வாட்ச் பார்க்கிற ஆளிடம் கொடுங்கள்.

## அறிகுறி: பட்டன் போன் வாங்கினேன், சிக்னலே வரவில்லை

என் கடையில் அதிகம் வருகிற புகார் இது. போன் நன்றாகவே இருக்கும்.

சிம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டச் போனில் இருந்தது நானோ சிம், பட்டன் போன் பலவற்றில் பெரிய சிம் இடம். அடாப்டர் சட்டத்தில் வைத்துத்தான் போட வேண்டும். செல்லோடேப் ஒட்டிப் போடாதீர்கள், எடுக்கும்போது உள்ளே உள்ள பின் வளைந்து வரும்.

அடுத்தது நெட்வொர்க். ஜியோவில் 2ஜி கிடையாது. 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனில் ஜியோ சிம் போட்டால் சிக்னல் ஒருநாளும் வராது. பெட்டியில் 4ஜி என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். தலைகீழாகவும் நடக்கும்: ஜியோபாரத் போன் வாங்கிவிட்டு வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்ப்பார்கள், அது ஏற்காது. வாங்கும்போதே உங்கள் சிம்மைக் கடையில் போட்டு, ஒரு கால் பேசிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இரண்டும் சரியென்றால் சிம்மைப் பக்கத்து வீட்டுப் போனில் போட்டுப் பாருங்கள். அங்கும் வரவில்லையென்றால் சிம்தான் செத்திருக்கிறது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல், கணக்கில் பணமும் இல்லாமல் கிடந்த சிம்மைக் கம்பெனி நிறுத்திவிடலாம். ஆதாரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி அலுவலகத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே வந்தது, இங்கே வரவில்லை என்றால் போனின் ஆன்டெனா பக்கம் கோளாறு, கடைக்குக் கொண்டுவாருங்கள்.

### ரீசார்ஜுக்கு டச் போன் அளவு காசு போகிறது

டேட்டா இல்லாத பேக் கேளுங்கள். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதி போட்டது. அதன் பிறகு தனியார் கம்பெனிகள் அப்படிப்பட்ட பேக் விட்டிருக்கிறார்கள். கடைக்காரராக எடுத்துச் சொல்வது குறைவு, நாம்தான் கேட்க வேண்டும்.

### காலையில் போட்ட சார்ஜ் மத்தியானமே இறங்குகிறது

பேட்டரியைக் கழற்றி மேஜையில் படுக்க வைத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். தட்டையாக இருந்தால் உரசி நின்றுவிடும். பம்பரமாகச் சுற்றினால் வீங்கியிருக்கிறது. அதைத் திரும்பப் போடாதீர்கள், குப்பையிலும் எறியாதீர்கள், கடையில் கொடுத்துவிடுங்கள். பட்டன் போன் பலவற்றில் பிஎல்-5சி என்ற பேட்டரிதான். சின்ன ரேடியோக்களிலும் பாட்டுப் பெட்டிகளிலும் அதேதான் வரும். அதனால் ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது வீண் போகாது.

## அறிகுறி: ஓடிபி வீட்டுப் போனுக்குப் போகிறது, நான் வெளியே நிற்கிறேன்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். எந்த நம்பரை எந்தப் போனில் வைப்பது என்று முதலில் முடிவு செய்யாமல் இறங்கினால் எந்தக் கருவி வாங்கியும் பிரயோஜனம் இல்லை. வழி இரண்டுதான்.

### பழைய நம்பரைப் பட்டன் போனில் போடுவது

ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருகிறது, பட்டன் போனிலும் வரும். சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கிற எண், ரேஷன் கடை செய்தி, பத்தாயிரம் ரூபாய் எடுக்கும்போது சில வங்கி ஏடிஎம் கேட்கிற ஓடிபி எல்லாம் கையிலேயே இருக்கும். ஒன்றுதான் போய்விடும்: வங்கியில் பதிந்த நம்பர் சிம் டச் போனில் இல்லையென்றால் அங்கே யூபிஐ ஆப் பதிய முடியாது. கையில் ரொக்கம் வைத்துப் பழகியவர்களுக்கும், வீட்டில் இன்னொருவர் ஸ்கேன் செய்து கொடுக்கிறவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். வயதானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

### பழைய நம்பர் டச் போனிலேயே வீட்டில் இருப்பது, புது சிம் பட்டன் போனில்

வங்கி, வாட்ஸ்அப் எதுவும் கலையாது. பழைய நம்பருக்கு வருகிற கால்களை புது நம்பருக்கு ஃபார்வர்ட் செய்துவிடலாம், போனின் கால் செட்டிங்கிலேயே அது இருக்கிறது. கவனிக்க வேண்டியது: கால்தான் தாண்டி வரும், எஸ்எம்எஸ் வராது. ஏடிஎம் வாசலில் நின்று ஓடிபிக்குக் காத்திருந்தால் அது வீட்டில் மேஜைமேல் வந்து கிடக்கும். பத்தாயிரத்துக்குக் குறைவாக எடுங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் டச் போனைக் கொண்டுபோங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவருகிறது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் போன் காத்திருக்கும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரண்டு சிம்மையும் பட்டன் போனில் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம். அப்போது வீட்டு டச் போன் வைஃபையில் படம் பார்க்கிற பெட்டியாக மட்டும் மாறிவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது இன்னும் தொல்லை.

### கடையில் ஸ்கேன் செய்யத்தான் சொல்கிறார்கள்

நோட்டை நீட்டினால் வாங்காத கடையை நான் டவுனிலும் பார்த்ததில்லை, மேலப்பாளையம் சந்தையிலும் பார்த்ததில்லை. சில்லறைதான் சிக்கல். வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து, பத்து இருபதாக மாற்றி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. செலவு கண்ணுக்குத் தெரிகிறது என்பது உபரி லாபம்.

ரொக்கம் போதாத இடங்களுக்குப் பட்டன் போனிலேயே வழி உண்டு. *99# போட்டால் இணையம் இல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்த யூபிஐ 123பே இன்னொன்று, அதில் வரம்பு 10,000. இரண்டுக்கும் வங்கியில் பதிந்த நம்பர் அந்தப் போனில் இருக்க வேண்டும், அதாவது மேலே சொன்ன முதல் வழிக்காரர்களுக்குத்தான். உங்கள் சிம்மில் *99# ஓடுகிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் நின்று பழகுகிற காரியம் இல்லை அது.

பணம் தெரியாமல் போய்விட்டதென்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அதில் என்னைப் போன்ற கடைக்காரர் செய்ய ஒன்றும் இல்லை.

## அறிகுறி: வாட்ஸ்அப் இல்லாமல் முடியவில்லை

எல்லா குரூப்பும் இல்லாமல் முடியவில்லையா, ஒரே ஒரு குரூப்பா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், பள்ளிக்கூடத்து குரூப். வீட்டுப்பாடம், நாளைக்கு லீவா, வெள்ளைச் சட்டையா கலர் சட்டையா என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

செலவில்லாத வழிகள்: மற்ற குரூப்களை மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளுங்கள். பள்ளி குரூப்பில் 'குட் மார்னிங்' பூக்கள் அதிகமென்றால், அட்மின் மட்டும் செய்தி போடுகிற மாதிரி மாற்றச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். அந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது, ஆசிரியர்களுக்கும் அது நிம்மதிதான். வீட்டுப்பாடத்தைப் பிள்ளையே டைரியில் எழுதி வருகிற பழக்கம் இருந்தால் குரூப் பார்க்காத நாளும் ஓடிவிடும்.

அடுத்து, போனுக்கு ஓர் இடம். பழைய லேண்ட்லைன் போல ஹாலில் ஒரு மூலை, அங்கேயே சார்ஜர், சார்ஜர் ஒயர் எட்டுகிற தூரம்தான் போனின் எல்லை. நின்றுகொண்டு பார்க்க வேண்டும், பக்கத்தில் நாற்காலி போடக் கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நான் சொல்கிற எல்லாவற்றிலும் அதிகம் பலிக்கிற வைத்தியம் இந்த நாற்காலி இல்லாததுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் எந்தச் செய்தியும் தவறாது. அவசரம் என்றால் கால் செய்வார்கள், அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள். கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற ஆச்சிக்கு இதை விளக்கவே வேண்டாம், அவர் எப்போதும் கால்தான் செய்வார்.

### கம்ப்யூட்டரில் போட்ட வாட்ஸ்அப் கழன்றுகொள்கிறது

போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைத்த கருவிகள் தானாக வெளியேறிவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது போனில் திறந்து மூடுங்கள்.

## அறிகுறி: ரேடியோ வாங்கினேன், இரைச்சல்தான் வருகிறது

செய்திக்கும் பாட்டுக்கும் போனை விட்டவர்களுக்கு ரேடியோவைவிட நல்ல துணை கிடையாது. கையை வேலை வாங்காது, அடுத்தது என்ன என்று தள்ளித் தள்ளிப் பார்க்கவும் விடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்டும் டவரும் போன இடங்களில் செல் போட்ட ரேடியோ இருந்தவர்களுக்குத்தான் வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அதற்காகவே வீட்டில் ஒன்று இருக்கலாம், சார்ஜ் போடுகிறதாக இல்லாமல் செல் போடுகிறதாக.

### நெல்லை வானொலி வரவே இல்லை

வாங்கின பெட்டியில் எந்த பேண்ட் இருக்கிறது என்று பாருங்கள். திருநெல்வேலி வானொலி மீடியம் வேவில் 1197 கிலோஹெர்ட்ஸ். எஃப்எம் மட்டும் உள்ள பெட்டியில் அது வராது. இப்போது விற்கிற சின்னப் பெட்டிகளில் பாதிக்கு மேல் எஃப்எம் மட்டும்தான். 'மீடியம் வேவ் இருக்கா' என்று கேட்டு, கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

### வருகிறது, கூடவே 'ர்ர்ர்' என்று இரைகிறது

பெட்டியைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். மீடியம் வேவுக்கு வெளியே தெரிகிற கம்பி ஆன்டெனா வேலை செய்யாது, உள்ளே படுத்திருக்கிற ஒரு கறுப்புக் குச்சிதான் ஆன்டெனா. அதன் அகலப் பக்கம் நிலையத்தைப் பார்த்தால் சத்தம் ஏறும், முனை பார்த்தால் இறங்கும். கம்பியை நீட்டி முறுக்கிப் பார்ப்பது எஃப்எம்முக்கு மட்டும்.

திருப்பியும் போகவில்லையென்றால் வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். மலிவான எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். டச் போனை விட்டு ரேடியோவுக்கு வந்த ஒருவருக்கு டச் போன் சார்ஜர்தான் இரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தது. மெயினை அணைத்தும் இரைந்தால் தெருவிலிருந்து வருகிறது. ஜன்னல் ஓரம், மொட்டை மாடி என்று இடம் மாற்றிப் பாருங்கள்.

ராத்திரியில் நம் நிலையத்தின் மேல் வேறு மொழி ஏறிப் பேசினால் பெட்டியில் குறை இல்லை. மீடியம் வேவ் இருட்டியபின் வெகுதூரம் போகும், அங்கே உள்ளதும் இங்கே வரும். அப்போதும் பெட்டியைத் திருப்புவதுதான் வைத்தியம்.

### பட்டன் போனில் உள்ள எஃப்எம் பாடவில்லை

ஹெட்போன் ஒயரைச் சொருகுங்கள், அதுதான் ஆன்டெனா. பாட்டு ஸ்பீக்கரில் கேட்டாலும் ஒயர் சொருகியிருக்க வேண்டும். ஒயர் இல்லாமலே பாடுகிற மாடல்களும் உண்டு. அவற்றிலும் ஒயர் போட்டால் தெளிவு கூடும்.

எப்போது கடைக்கு: வால்யூம் திருப்பும்போது 'கரகர' என்றால் வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்திருக்கிறது, சின்ன வேலை. எல்லா நிலையமும் மெல்லிசாக, பக்கத்து ஊரிலிருந்து கேட்கிற மாதிரி வந்தால் உள்ளே அந்தக் கறுப்புக் குச்சி உடைந்தோ அதன் மெல்லிய கம்பி அறுந்தோ இருக்கும். கீழே விழுந்த பெட்டிகளில் இது சகஜம். பற்ற வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: பாட்டுப் பெட்டி பென்டிரைவைப் படிக்கவில்லை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்டிரைவ் 32 ஜிபிக்கு மேல் இருந்தால் அது வருகிற வடிவத்தைப் பெட்டி புரிந்துகொள்ளாது. எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்ய வேண்டும், செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். எளிய வழி, 16 ஜிபி ஒன்று வாங்குவது. ஆயிரக்கணக்கில் பாட்டு கொள்ளும், இருக்கிற ஆயுளுக்குப் போதும்.

படிக்கிறது ஆனால் சில பாட்டு மட்டும் தாண்டிப் போகிறது என்றால் அவை எம்பி3 இல்லை. வரிசை மாறிப் பாடுகிறது என்றால் பெட்டி காப்பி செய்த வரிசையில்தான் எடுக்கிறது. பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சொருகும் இடம் ஆடினால் கடைக்கு, சாலிடர் விட்டிருக்கும்.

## அறிகுறி: போட்டோ எடுக்க மட்டும் போன் தேவைப்படுகிறது

பீரோவில் கிடக்கிற பழைய டிஜிட்டல் கேமராவை எடுங்கள். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் எடுத்த படத்தை அங்கேயே நின்று அனுப்பிக்கொண்டிருப்பார்கள், தேர் நகர்ந்து போயிருக்கும். கேமராவில் அனுப்ப முடியாது என்பதுதான் அதன் சிறப்பு.

### கார்டு எரர்

மெமரி கார்டின் ஓரத்தில் ஒரு குட்டி நெம்பு இருக்கும், அது லாக் பக்கம் தள்ளியிருந்தால் படம் ஏறாது. நகத்தால் மேலே தள்ளுங்கள். பாதிப் புகார் இதோடு முடியும். அடுத்தது, கேமராவின் வயது. 2006-க்கு முந்தைய பெட்டிகள் பலவும் 2 ஜிபி கார்டுக்கு மேல் படிக்காது. அதற்குப் பிந்தையவை 32 ஜிபி வரை வாங்கும். 64 ஜிபி புதுக் கார்டு போட்டு முழிக்கிறவர்கள் உண்டு. கார்டைக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

### ஒவ்வொரு தடவையும் தேதி கேட்கிறது

உள்ளே உள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது. படத்துக்கு ஒன்றும் ஆகாது, தேதியை விட்டுவிடுங்கள். அதை மாற்றக் கேமராவைப் பிரிக்கும் செலவு கேமரா விலையைத் தாண்டும்.

### லென்ஸ் வெளியே வந்து நிற்கிறது, உள்ளே போகவில்லை

உவரிக் கடற்கரைக்குப் போய் வந்ததா என்று கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். மணல் புகுந்திருக்கும். கையால் அழுத்தாதீர்கள், பல் சக்கரம் உடையும். பெட்டியைக் குப்புறப் பிடித்து மெல்லத் தட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் கேமரா பார்க்கிறவரிடம் காட்டி, விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதே விலைக்கு இன்னொரு பழைய கேமரா கிடைக்கும்.

## அறிகுறி: வழி, பஸ், ரயில்

இது பயம்தான், கோளாறு இல்லை. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நின்று, "அம்பைக்கு வண்டி எங்கண்ணே நிக்கும்?" என்று கேட்டால் நாலு பேர் சொல்வார்கள். உங்கள் ஊர்க் கடைசி பஸ் நேரத்தை மட்டும் பாக்கெட் நோட்டில் எழுதி வையுங்கள். ரயிலுக்கு 139 எந்தப் போனிலிருந்தும் போகும், ஜங்ஷனில் ரிசர்வேஷன் கவுண்டரும் இருக்கிறது. அவசரத்துக்கு 108, 112. அதே நோட்டில் பத்து முக்கிய நம்பர்களையும் எழுதுங்கள், பட்டன் போன் தொலைந்தால் அதுதான் காப்பாற்றும்.

## அறிகுறி: எல்லா மாற்றும் இருக்கிறது, கை மட்டும் கேட்கவில்லை

வாட்ச் இருக்கிறது, ரேடியோ பாடுகிறது, பணம் பையில் இருக்கிறது. ஆனாலும் கை ஹால் மூலைக்குப் போகிறது.

முதலில் போனிலேயே பாருங்கள். எந்த ஆப் இழுக்கிறதோ அதை லாக்அவுட் செய்தால் போதாது, எடுத்துவிட வேண்டும். எடுக்க முடியாத ஆப்பை டிசேபிள் செய்யலாம். கால், எஸ்எம்எஸ் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுகிற வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது. ரீல்ஸ் கலர் இல்லாமல் பார்த்தால் உப்புப் போடாத பொரிகடலை மாதிரி இருக்கிறது என்று ஒரு காலேஜ் பையன் சொன்னான்.

அடுத்து, எந்த நேரத்தில் கை போகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கிற நேரம் என்றால் அந்த நேரத்துக்கு ஒரு வேலை வேண்டும், கருவி போதாது. படிக்கிறவர்களுக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உறுப்பினராகிப் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்து வரலாம். படிக்காதவர்களை நூலகத்துக்குப் போகச் சொல்வதில் அர்த்தமில்லை. அவர்கள் சாயங்காலம் ஆற்றுக்குப் போகலாம், கேரம் போர்டு வாங்கலாம், பேச ஆள் உள்ள டீக்கடையைப் பிடிக்கலாம். தனியாக இருக்கிற வீட்டில் ரேடியோவைப் போட்டு வைத்தாலே பாதி குறைகிறது என்பார்கள்.

இதற்கு மேல் என் கையில் இல்லாதவை சில உண்டு. போனை வாங்கி வைத்தால் பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறது, கையை ஓங்குகிறது, பள்ளிக்கூடம் போக மறுக்கிறது. பெரியவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பணம் வைத்து ஆடுகிறார், கடன் ஆப்பில் வாங்கியதை வீட்டில் மறைக்கிறார். போன் இல்லாதபோது படபடப்பு வந்து வேலையே ஓடவில்லை. இவற்றுக்குப் போனை உடைப்பதோ பூட்டி வைப்பதோ மருந்தில்லை. 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், பட்டன் போனிலிருந்தும் போகும். நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டுப் போட்டுவிடுங்கள். பிள்ளையை வேறு ஏதோ சொல்லி ஏமாற்றி அங்கே கூட்டிப்போக வேண்டாம். எதற்குப் போகிறோம் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.